உமிக்குள் ஆறிய தாடை

நெடுங்கேணியில் கஜனியின் வெல்டிங் கடை எங்கே என்று யாரிடம் விசாரித்தாலும், உமி மூட்டை அடுக்கியிருக்கிற கடை என்றுதான் வழி சொல்வார்கள். இரும்பு ஒட்டுகிற இடத்தில் உமிக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். அவளிடம் கேட்டால் பதில் வராது. முகமூடியை இறக்கிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்பாள். அப்படி ஒரு சென்மம். நல்ல மனுசிதான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். ஆனால் ஒன்றைச் சரியென்று பிடித்துவிட்டால் வேறு யார் சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

சண்டை முடிந்து சனம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலத்தில் தொண்டு நிறுவனங்கள் வாகனம் வாகனமாக வந்து இறங்கின. பெண்பிள்ளை என்றால் தையல் மெசின், ஆண்பிள்ளை என்றால் மேசன் வேலை, வெல்டிங் வேலை. எல்லா ஊரிலும் இதே கதைதான். கஜனிக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். தையலுக்குப் பெயரைத் தரச்சொன்ன அலுவலரிடம், "எல்லாரும் தைக்கப் போனா ஆர் உடுக்கிறது?" என்று கேட்டாள். அந்த மனுசன் சிரித்துவிட்டு வெல்டிங் வகுப்பில் அவள் பெயரைப் போட்டார். கிளிநொச்சியில் நடந்த வகுப்பு அது. இளந்தாரிகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி. படிப்பித்தவர் பரமேஸ்வரன் சேர்.

வார்ப்பிரும்பை எப்படி ஒட்டுவது என்று சேர் ஒருநாள் காட்டினார். வார்ப்பிரும்பு ரோசக்கார இரும்பு. திடீரென்று சூடு காட்டினாலும் வெடிக்கும், திடீரென்று குளிர்ந்தாலும் வெடிக்கும். அதனால் முழுத் துண்டையும் முதலில் நெருப்பில் வைத்துப் பதமாகச் சிவக்கவைத்து, சூட்டோடு ஒட்டி, பிறகு காற்றுப் படாமல் சாம்பலுக்குள்ளோ மணலுக்குள்ளோ புதைத்துத் தாட்டு மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். கஜனி அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள். சாம்பலுக்குப் பதிலாக உமி என்பது மட்டும் அவளுடைய சொந்த மூளை. முரசுமோட்டை அரிசி ஆலையில் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். அள்ளிக்கொண்டு போனால் போதுமென்று ஆலைக்காரர் கும்பிடுவார். சிவந்த இரும்பை உமிக்குள் தாட்டால் உமி புகைந்து கருகிச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மறுநாள் தோண்டி எடுக்கும்போதும் கை வைக்க முடியாது.

லான்மாஸ்டர் உழவு மெசினின் கியர்ப்பெட்டி, தண்ணிப் பம்பின் உடம்பு, ஆலை மெசினின் கால் என்று உடைந்த வார்ப்பெல்லாம் அவளிடம் வந்தது. வவுனியாவில் கைவிரித்த சாமான்கூட இவளுடைய உமிக்குள்ளிருந்து முழுதாக எழும்பி வந்தது. கைராசிக்காரி என்று சனம் சொல்லத் தொடங்கியது. அவளும் நம்பிவிட்டாள். பாவம், பத்து வருசம் ஒன்றும் பிழையாகப் போகாவிட்டால் யார்தான் நம்பமாட்டார்கள்?

புருசன் ஜெயந்தன் ஊருக்கு வெளியே இருந்த வீரபாகுவின் கருங்கல் குவாரியில் வேலை செய்தான். கல்லுடைக்கிற மெசினின் வாய்க்குள் கல்லைத் தள்ளுவது அவன் வேலை. அந்த மெசினுக்கு இரண்டு தாடை. தடித்த, வரி வரியான இரும்புத் தகடுகள் இரண்டு. ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது மென்றுகொண்டேயிருக்கும். பொழுதுபட ஜெயந்தன் வீட்டுக்கு வரும்போது இமைமயிர்கூட வெள்ளையாகத்தான் இருக்கும். "எங்கட வீட்டு மாவாட்டி வந்திட்டார்" என்று கஜனி பகிடி பண்ணுவாள். முதல் சில வருசம் அவனும் சிரித்தான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சனம் அதைப் பற்றிக் கதைக்காமல் விடுமா? கோயிலுக்குப் போனாலும் கேள்வி, சந்தைக்குப் போனாலும் கேள்வி. கஜனி காதில் விழுத்தமாட்டாள். ஜெயந்தனுக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும். தைத்ததைச் சொல்லவும் மாட்டான். வர வர அவனுடைய கதை குறைந்துபோனது. இரவுச் சாப்பாடு முடிந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கட்டில் போய் இருந்துவிடுவான். பிரான்சில் இருக்கிற கூட்டாளி பனிக்குள் நின்று எடுத்த படத்தைப் பார்ப்பான், திரும்பவும் பார்ப்பான்.

பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் நாடு வரிசையில் நின்ற வருசம் அது. வெளியிலிருந்து சாமான் வருவது நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து மெசினின் நிற்கிற தாடையில் குறுக்கே ஒரு வெடிப்பு விழுந்தது. புதுத் தாடை வாங்கலாம் என்றால் கொழும்பிலும் இல்லை. வீரபாகு நல்ல மனுசன், பொறுத்துப் பார்த்தார். பிறகு மெசினை நிறுத்தி எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்னார்.

வேலை நின்ற இரண்டாம் கிழமை ஜெயந்தன் முதல் தடவையாக வாய் திறந்து, தானும் வெளிநாடு போகப்போவதாகச் சொன்னான். முதலில் பிளேனில் ஒரு நாட்டுக்கு, அங்கேயிருந்து கப்பலில் இன்னொரு நாட்டுக்கு. கூட்டாளிமாருக்குத் தெரிந்த ஏஜென்சிக்காரன் இருக்கிறானாம். கஜனி கையில் இருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் கப்பலில்தான் போனான். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து, இன்றைக்கு ஏறுகிறோம் அம்மா என்று போனில் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. செத்தான் என்று அழவும் முடியாமல், இருக்கிறான் என்று சிரிக்கவும் முடியாமல் தாய் கிடந்து நாறிப்போவதைக் கஜனி கண்ணால் கண்டவள். தனக்கும் அந்த விதியா என்று நினைத்தாள்.

அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. "மெசின் ஓடினா நிப்பீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் குனிந்தபடி சோற்றைப் பிசைந்தான். "மெசின் ஓடினா நான் ஏன் போறன்?" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் விடியாததுமாக வீரபாகுவின் வாசலில் போய் நின்று, தாடையைத் தன்னிடம் தரச்சொன்னாள். அவர் தயங்கினார். இது லான்மாஸ்டர் சாமான் இல்லையே தங்கச்சி, ஆரிடமாவது விசாரித்துவிட்டுச் செய்தால் என்ன என்று கேட்டார். கஜனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஒட்டி எது உடைஞ்சது, ஒன்று சொல்லுங்கோ பார்ப்பம் என்று கேட்டுவிட்டாள். அந்த மனுசன் தாடையைக் கழற்றச் சொல்லி ஆளை அனுப்பினார். உண்மையிலேயே ஒன்றும் உடைந்ததில்லை.

ட்ரக்டர் பெட்டியில் தாடை வந்து இறங்கியது. நாலு பேர் சங்கிலி போட்டுத் தூக்கி வைத்தார்கள். முதுகுப்புறம் சொரசொரவென்று அச்சில் வார்த்த அடையாளத்தோடு இருந்தது. வார்த்த இரும்பு, அப்போ வார்ப்பிரும்பு. கஜனி இதற்கு மேல் யோசிக்கவில்லை. அங்கேதான் பிழை வந்தது.

அந்த இரும்பு தன் வாயால் சொல்லாத குறையாகச் சொன்னது. வெடிப்பைக் கிறைண்டரால் கீறியபோது பொறி வெள்ளை வெளேரென்று பூப்பூவாகப் பறந்தது. வார்ப்பிரும்பின் பொறி மங்கல் சிவப்பில் கிட்டவே விழுந்து அணைந்துவிடும், அது அவளுக்கும் தெரியும். நல்ல சாதி இரும்பு, அதுதான் இப்படிப் பறக்குது என்று சந்தோசப்பட்டாள். சாமானைப் பிடித்து வைக்கிற சதுரக் காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டினாள். அது நிற்காமல் கீழே விழுந்தது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் விழுந்தது. பழசாகிப் பிடிப்பு விட்டுப்போன காந்தம் என்று ஏசி மூலைக்குள் எறிந்தாள். பரமேஸ்வரன் சேரின் நம்பர் அவளுடைய போனில்தான் கிடந்தது. ஒரு கோல் எடுத்திருக்கலாம். கைராசி விடுமா?

இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, பாலை விறகு போட்டு, புளோவர் வைத்து ஊதித் தாடையை மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சினாள். அலுமாரியில் பூட்டி வைத்திருந்த விலை கூடிய நிக்கல் கம்பிகளை எடுத்து, சூடு ஆறாமல் வரிக்கு மேல் வரியாக ஒட்டினாள். முகம் வெந்து தோல் உரிந்தது. கரண்ட் போனபோதெல்லாம் நெருப்பைக் கூட்டிச் சூட்டைத் தக்கவைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, பச்சைப் பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒட்டி முடிந்ததும் மூட்டை மூட்டையாக உமியைக் கொட்டித் தாட்டாள். ஜெயந்தனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மண்வெட்டியால் உமியை அள்ளிப் போட்டான். இரண்டு பேருடைய முகமும் கரி. அவனைப் பார்த்து அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர்கள் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

உமிக்குள்ளிருந்து தாடை அழகாகத்தான் வந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு வளைவு இல்லை. கொண்டுபோய் மெசினில் பூட்டினார்கள். வீரபாகு மெசினுக்குத் தேங்காய் உடைத்தார். வேலையாட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். கஜனியும் ஒரு ஓரத்தில் நின்றாள். ஜெயந்தன் முதல் கல்லைத் தள்ளினான். மெசின் மென்றது. மத்தியானம்வரை மென்றது. சனம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிற நேரம் பெரிய கல்லொன்று வாய்க்குள் இறங்கியது. படாரென்று ஒரு சத்தம்.

தாடை ஐந்து துண்டாகக் கிடந்தது. யாருக்கும் காயமில்லை, அதுமட்டும் கடவுள் புண்ணியம். கஜனி ஓடிப்போய்த் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். அவள் ஒட்டின இடம் ஒட்டினபடியே இருந்தது. முன்னம் நல்லாயிருந்த இடமெல்லாம்தான் கூரை ஓடு மாதிரி முறிந்துபோயிருந்தது. முறிந்த முகத்தில் உப்புக்கல் மாதிரி மணி மணியாக மினுங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. யாராவது ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். எல்லாரும் சோற்றுப் பார்சலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீரபாகுவுக்கு அதோடு மனம் விட்டுப்போய்விட்டது. எஞ்சினை வேறொரு குவாரிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய இரும்புக்குத் தள்ள முடிவெடுத்தார். ஜெயந்தனும் பயணத்துக்கு நாள் குறித்துவிட்டான். வவுனியாவிலிருந்து செல்வராசா என்ற இரும்பு வியாபாரி லொறியோடு வந்தான். குவாரியிலிருந்து கஜனியின் கடை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்த தாடைத் துண்டுகளையும் ஏற்ற வந்தவன், கயிற்றில் கட்டிய காந்தத்தை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. இது வேற சாதி தங்கச்சி, ரெயில் பாதை பிரிகிற இடத்தில் போடுகிற இரும்பு, மாங்கனீஸ் என்று சொல்வார்கள் என்றான். கஜனி மூலைக்குள் கிடந்த தன்னுடைய சதுரக் காந்தத்தை எடுத்து மேசைக் காலில் வைத்தாள். டக்கென்று பிடித்தது. காந்தம் நல்லாத்தான் இருந்தது.

அப்போதுதான் பரமேஸ்வரன் சேருக்குப் போன் போட்டாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவர் எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு ஆறுதலாகச் சொன்னார். மாங்கனீஸ் இரும்பும் வார்த்து எடுத்தவுடன் கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாகத்தான் இருக்குமாம். அதை மஞ்சளாக ஒளிரும்வரை காய்ச்சி, அந்தச் சூடு இறங்க முதல் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்களாம். அதற்குள்ளே இருக்கிற கரி வெளியே வர நேரமில்லாமல் இரும்போடு கரைந்தபடியே நின்றுவிடும். அதற்குப் பிறகு அதை என்ன அடித்தாலும் முறியாது. கல் மோத மோத மேல்தோல் இறுகும், உள்ளுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் மறுபடி மங்கலாகச் சிவக்கவைத்து மெல்ல ஆறவிட்டால் கதை முடிந்தது. உள்ளே நின்ற கரி ஆற அமரப் பிரிந்து வந்து, மணிக்கும் மணிக்கும் இடையில் கோடு கோடாகப் படியும். அந்தக் கோடுகள் வழியே எல்லாம் விட்டுப்போகும்.

"மற்ற இரும்பு தண்ணிக்குள்ள போட்டா முறியும் பிள்ளை. இது தண்ணி காட்டாட்டி முறியும்."

"அப்ப இதை எப்பிடி சேர் ஒட்டியிருக்கோணும்?"

"சூடு காட்டாமல். விரலளவு ஒட்டிப்போட்டு ஈரச் சாக்குப் போட்டுக் குளிரவைச்சு, பிறகு அடுத்த விரலளவு. தொட்டித் தண்ணிக்குள்ள பாதி தாட்டு வைச்சும் ஒட்டலாம். நீ ஒண்டுமே செய்யாமல் வெடிப்பை மட்டும் ஒட்டி, வாளியால தண்ணி ஊத்தியிருந்தாலே கொஞ்சக் காலம் ஓடியிருக்கும்."

வாளியால் தண்ணீர். நாலு பேர் தூக்கி, இரண்டு நாள் முகம் வெந்து, மூட்டை மூட்டையாக உமி கொட்டிச் செய்த வேலை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் தாடை பிழைத்திருக்கும். திரும்பச் சரிப்படுத்த வழியுண்டா என்று கேட்டாள். அவ்வளவு பெரிய சாமானை அந்தச் சூட்டுக்குக் காய்ச்ச இங்கே அடுப்பில்லை, அதுவும் உடைந்து ஐந்தான பிறகு என்ன செய்ய என்றார் சேர்.

அவளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. செல்வராசாவிடம் கெஞ்சி ஒரு துண்டை நிறுத்திக்கொண்டாள். அதிலிருந்து உள்ளங்கையளவில் இரண்டு சில்லை உடைத்தாள். ஒரு சில்லைக் குறட்டில் பிடித்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். பிஸ்கோத்து மாதிரி முறிந்தது. மற்றதைக் கரி அடுப்பில் வைத்து, கண் கூசுகிற மஞ்சளாகும்வரை ஊதி, எடுத்த கையோடு தண்ணீர் வாளிக்குள் போட்டாள். பிறகு குறட்டில் பிடித்து அடித்தாள். முறியவில்லை. பெரிய சுத்தியலை எடுத்து மாறி மாறி அடித்தாள். அது வளைந்தது, வளைந்து மடங்கியது, முறியவேயில்லை. அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் கடை நடுவில் குந்தியிருந்து குழறி அழுதாள்.

மத்தியானம் ஜெயந்தன் சாப்பிட வந்தபோது மடங்கிய இரும்பை அவன் முன்னால் வைத்தாள். சேர் சொன்னதெல்லாம் சொன்னாள். கரியைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள். அவன் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிழை முழுக்க என்ரதான்" என்றாள் கஜனி. "உங்களைக் கலைச்சது நான். ஒருத்தரிட்டயும் கேக்காமல் என்ர எண்ணத்துக்குச் செய்து, மெசினையும் கெடுத்து, உங்களையும் போகப்பண்ணிப் போட்டன். என்னை மன்னிச்சிடுங்கோ."

ஜெயந்தனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கல்யாணம் கட்டின புதிதில் வைத்த மாதிரி அவளுடைய தலையில் கையை வைத்தான்.

"நீ ஏன் இதையெல்லாம் மனசுக்குள்ள போட்டு உழக்கிறாய் கஜனி? தாடை உடையாமல் விட்டிருந்தாலும் நான் போறதுதான். நீ அதைக் கொண்டுவர முதலே ஏஜென்சிக்காரனிட்ட பாஸ்போட்டைக் குடுத்திட்டன். உன்னில ஒரு பிழையும் இல்லை."

அவளுடைய பாரத்தை இறக்கி வைத்ததாகத்தான் அந்த மனுசன் நினைத்தான். அட பாவி. தான் செய்த பிழையால் புருசன் போகிறான் என்றால், அந்தக் கதைக்குள் போக விரும்பாத ஒரு புருசனாவது இருந்தான். அந்த நினைப்போடு எவ்வளவு காலமும் அவள் இருந்துவிடுவாள். அதையும் அன்பாகப் பறித்து எடுத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையை நீட்டினான். அவள் எழும்பிப் போய்ச் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் விடு என்றான். விட்டாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அவன் போய்விட்டான். கொஞ்சக் காலம் போன் வந்தது. ஏதோ ஒரு கரையில் நிற்கிறோம், கப்பலுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றான். பிறகு அதுவும் வரவில்லை.

கஜனி இப்போதும் கடை திறக்கிறாள். முன்னர் வாய் திறக்காத மனுசி, இப்போது கேட்கிறவர்களுக்கும் சொல்கிறாள், கேட்காதவர்களுக்கும் சொல்கிறாள். வாசல் கேற் ஒட்ட வந்தவனையும் கதிரையில் இருத்தி, மாங்கனீஸ் இரும்பின் கதையை முதலிலிருந்து சொல்வாள். எந்தச் சூட்டில் கரி பிரியும், ஏன் உடனே தண்ணீர் காட்ட வேண்டும், மெல்ல ஆறினால் எப்படி விட்டுப்போகும் என்று ஒன்றும் விடமாட்டாள். ஜெயந்தன் கடைசியாகச் சொன்னதை மட்டும் தாய்க்குக்கூடச் சொன்னதில்லை. போன கிழமை வீரபாகு அந்தப் பக்கம் வந்து, போனவனைப் பற்றி ஏதும் அறிந்தாயோ பிள்ளை என்று மெல்ல விசாரித்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு அவரையும் இருத்தி வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னாள்.

"நான்தான் ஐயா கெடுத்தது. அண்டைக்கு ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருந்தா, அவர் இஞ்சதான் நிண்டிருப்பார்."